நாயனச் சத்தம் கேட்டதும் கண் கலங்கியது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைக்கு அருகே குத்தாலம் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது பெங்களூரில் டிசைன் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். தீபாவளிச் சமயத்தில் ஒரு மாலில் நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டிருக்கிறார்கள். எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டிருந்தவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "எனக்குச் சங்கீதம் தெரியாது. ஊரில் இருந்தபோது ஒரு நாள்கூட நாயனத்தை உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த அழுகை இசைக்குள் இருந்ததா, எனக்குள் இருந்ததா? ஒரு வடிவமைப்பாளராக இதை நான் வேண்டுமென்றே வரவழைக்க முடியுமா?"

நான் இசை அறிஞன் கிடையாது. மயிலாடுதுறையில் அப்பா காலத்திலிருந்து போர்டு எழுதும் குடும்பம். பிரஷ்ஷில் ஆரம்பித்து இன்று கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்தப் படம் ஆளை நிறுத்துகிறது, எது நிறுத்தாது என்பதைத் தெருவில் நின்று முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உட்கார்ந்து கேட்டதே இல்லை என்கிறீர்களே, பாதி பதில் அதில்தான் இருக்கிறது. உட்கார்ந்து கவனித்துக் கேட்ட கச்சேரி கச்சேரியாகவே மனதில் தங்கும். நாயனம் அப்படி வந்து சேர்வதில்லை. நீங்கள் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அம்மா பால் காய்ச்சும்போது, மறுநாள் பரீட்சைக்குப் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருக்கும்போது, எங்கோ இரண்டு தெரு தள்ளி அது வாசிக்கப்பட்டிருக்கும். கூரைக்கு மேலாக வந்து விழும் வாத்தியம் அது. நம் ஊர்க் கோயில்களில் அதற்கு நேரக் கணக்கும் உண்டு. விடியலில் பூபாளமும் பௌளியும், சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. ராகத்தின் பெயர் தெரியாத காதுக்கும் இந்தக் கணக்கு ஏறிவிடும். நீலாம்பரி கேட்டால் எங்கள் வீட்டில் தட்டு எடுத்து வைப்பார்கள். எனக்கு இன்றும் அந்த ராகத்தில் லேசாகப் பசி இருக்கிறது.

1975-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமாக இருக்கும். கடலில் முக்குளிப்பவர்களைக் கூப்பிட்டுச் தண்ணீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியல்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தண்ணீருக்கடியில் படித்ததைத் தண்ணீருக்கடியிலும், கரையில் படித்ததைக் கரையிலும் கேட்டபோதுதான் அதிகம் நினைவுக்கு வந்தது. படித்த சொல்லோடு சேர்ந்து, படித்த இடமும் மூளையில் ஏறியிருக்கிறது. உங்களுக்கு மாலில் நடந்தது இதன் மறுபக்கம். இடத்தில் ஒரு துண்டு, அதாவது அந்தச் சத்தம் மட்டும், தனியாக வந்து நின்றது. அது தன்னோடு ஒட்டியிருந்த கிணற்றடியையும் பாலையும் வீட்டையும் தேடியது. எஸ்கலேட்டரில் அவை இல்லை. கலங்கிவிட்டீர்கள்.

அப்படியானால் இசைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, நிறையவே. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் திருவாவடுதுறை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை அங்கே இருந்து தோடியை வாசித்தார். வீதியில் சாமி நகர, விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்கில் ஆலாபனை. அவருக்கு முன்பு பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தது குட்டையான, உச்ச சுருதி பேசும் திமிரி நாயனம். அவர் நீளமான, கீழ்ச் சுருதியில் நிற்கும் பாரி நாயனத்தை நரசிங்கம்பேட்டை ஆசாரியிடம் செய்து வாங்கி வாசித்தார். ஒரு வாத்தியத்தின் நீளத்தைக் கூட்டியதில் அதன் குரலே தணிந்துவிட்டது. அலறலாக இருந்தது பேச்சாக மாறியது என்று சொல்லலாம். இதைவிட நல்ல வடிவமைப்புப் பாடம் எனக்குத் தெரியாது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. செய்யும் மரம் ஆச்சா. பச்சை மரம் உதவாது, பல காலம் காய்ந்து இறுகியது வேண்டும். அதனால் இடித்த பழைய வீட்டின் உத்திரம், தூண் என்று தேடித்தான் வாங்குகிறார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் ராகத்தைவிட என்னை உலுக்குவது அதற்கு முன்னால் வரும் ஒரு சத்தம். நாயனக்காரர் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, கொத்திலிருந்து எடுத்து, வாயில் போட்டு ஈரமாக்கி, வாத்தியத்தில் சொருகாமல் சும்மா ஊதிப் பார்ப்பார். 'கீ' என்று ஒரு கத்தல். வாத்துக் குஞ்சு மாதிரி. உதட்டைச் சுளித்துக்கொண்டு அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். மறுபடி 'கீ'. தவில்காரர் விரலில் கூடுகளை மாட்டிக்கொண்டு வாரை இழுத்துப் பார்ப்பார். யாரும் இதை ரெக்கார்டிங்கில் வைப்பதில்லை, வெட்டிவிடுவார்கள். எனக்குக் கல்யாண வீடு என்றால் அந்தக் 'கீ'தான். அப்பா புது வேட்டியில் நிற்கிறார், வாழைமரத்தில் ஈரம் சொட்டுகிறது, எல்லாம் அதற்குள் இருக்கிறது.

வாசனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. வாசனை மட்டும் நேராக அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் என்ற உணர்ச்சியும் ஞாபகமும் குடியிருக்கும் பகுதிகளின் பக்கம் போய்விடுகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் காய்ந்த ஆற்று மணலில் முதல் முறை தொடும்போது கிளம்புமே ஒரு வாசனை, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணி வரும் வாசனை, அதற்கு முன்னால் நான் வரைந்த எந்த போர்டும் நிற்காது. ஒத்துக்கொள்கிறேன்.

மொழிக்கு வருவோம். இங்கே நம் ஆட்கள் ரொம்ப முன்னாலேயே யோசித்துவிட்டார்கள்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள். உள்ளே இருப்பது மெய்யில், உடம்பில், தெரியவருவது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அழுகை எப்படி இருக்கும் என்று அது வர்ணித்துக்கொண்டிருக்கவில்லை. எதிலிருந்து வரும் என்று மட்டும் நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறரால் இகழப்படுவது. இழவு, வறுமை நமக்கே தெரியும். அசைவு என்றால்? முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வேறாகிப் போனதில் வரும் வருத்தம் என்று உரையில் விளக்கம் சொல்கிறார்கள். எஸ்கலேட்டரில் நீங்கள் அழுதது அசைவு. யாரும் சாகவில்லை, யாரும் திட்டவில்லை, கையில் காசு இருக்கிறது. ஆனாலும் ஒன்று இருந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டது.

இன்னொன்று, இது உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் ஊர்ப் பெண், அவன் மகிழ்நன், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் நிற்கும் இடத்தைப் பற்றி அப்படி மழுப்ப முடியாது. மருதமா, வயலைச் சொல். என்ன பூ, என்ன மீன், விடியலா மாலையா, எருமை எங்கே நிற்கிறது, எல்லாம் துல்லியமாக வேண்டும். ஆளின் இடத்தைக் காலியாக விட்டு, பொருளை மட்டும் கண் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். படிக்கிறவன் அந்தக் காலி இடத்தில் தான் போய் நின்றுகொள்கிறான். நாம் இன்று இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 'பாசம்', 'பாரம்பரியம்', 'மண்வாசனை' என்று உணர்ச்சியின் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு, பொருளை மங்கலாக விட்டுவிடுகிறோம்.

நானும் விட்டவன்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மெயின்ரோடு காபிக்கடைக்கு உள் அலங்காரம் செய்தேன். முதலாளி கேட்டது 'அந்தக் கால ஃபீல்'. ஊஞ்சல் தொங்கவிட்டேன். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு கிராமபோன். எங்கள் தெருவில் யார் வீட்டில் கிராமபோன் இருந்தது? ஒருவர் வீட்டிலும் இல்லை. சுவரில் 'பாரம்பரியச் சுவை' என்று வளைத்து எழுதினேன். வந்தவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு முகமும் மாறவில்லை.

அந்தக் கடையில் முகம் மாறிய இடம் ஒன்று இருந்தது, அது என் வேலை இல்லை. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை. டம்ளர் அடிக்கடி காணாமல் போகிறது என்று முதலாளியின் அம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஓட்டை போட்டு, சைக்கிள் சங்கிலி மாதிரி ஒன்றைக் கோத்து, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்ததும் சிரித்தார்கள். "ஏய், இங்க பாரு, டம்ளர கட்டிப்போட்டிருக்காங்க!" பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சங்கிலி நீளம் போதாமல் குனிந்து, கழுத்தைச் சாய்த்துக் குடிப்பார்கள். அந்தக் குனிவுதான் விஷயம் என்று எனக்குப் பிறகு உறைத்தது. ரேஷன் கடையில், பஸ் ஸ்டாண்டில், தாலுகா ஆபீஸில் சின்ன வயதில் அப்படிக் குனிந்து குடித்த உடம்பு அது. கண்ணைவிடக் கழுத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எங்கே பார்த்தாலும் ஒரு விரல் தானாக நீண்டு தட்டிப் பார்க்கிறதே, அதுவும் இதுதான்.

எழுத்துக்கும் உடம்பு உண்டு. பெரிய கடைத்தெரு ஒன்றில் ஃப்ளெக்ஸ் மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய ஃப்ளெக்ஸைப் பிரித்தால் பின்னால் தகர போர்டு. 'ஜவுளி விற்பனை நிலையம்', நீலத்தில் மஞ்சள் எழுத்து, கீழே சிவப்பு நிழல். அப்பா எழுதினாரா என்று தெரியவில்லை, அவர் கை மாதிரிதான் இருந்தது. அதில் 'னை'யும் 'லை'யும் பழைய வடிவம். இன்று நாம் முன்னால் இரட்டைச் சுழி போடுகிறோமே, அது இல்லை. எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறி நிற்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் அதை மாற்றிவிட்டார். அரசு ஆணை வந்தது 1978-ல். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தத் துதிக்கை தெரியாது.

ஏணியிலிருந்து இறங்கினால் ஒரு பெரியவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாசிக்கிறார் என்று நினைத்தேன். வலது கை ஆள்காட்டி விரல் ஹேண்டில்பார் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. துதிக்கையை எழுதிப் பார்க்கிறார். ஒரு தடவை, இரண்டாம் தடவை. "இந்த லைய எழுத வராமத்தான் தம்பி வாத்தியார்ட்ட அடி வாங்குனேன்" என்றார். அப்புறம் வாத்தியார் பெயர், அவர் மூக்குப்பொடி டப்பா, கூரைப் பள்ளிக்கூடத்தில் மழை ஒழுகும் மூலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், அவன் பாம்பு கடித்துச் செத்தது. கால் மணி நேரம். ஜவுளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த போர்டை எழுதியவர் இதில் எதையும் நினைத்து எழுதியிருக்க முடியாது. கடைக்காரர் புது ஃப்ளெக்ஸை மேலே அடிக்கச் சொன்னார், அடித்தேன். பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். எங்கள் தகர போர்டை யாராவது அப்படிக் கண்டுபிடித்தால் உண்டு.

வாத்தியாரிடம் வாங்கிய அடியைச் சொன்னதும் திட்டு ஞாபகம் வருகிறது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பிறகு கற்றவர்களிடம் 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். வியர்வை கொஞ்சம் கூடினாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயதில் வாங்கிய திட்டுச் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது துள்ளிய அளவுக்கு ஆங்கிலத்தில் துள்ளவில்லை. இதற்குக் கருவிகூட வேண்டாம். உங்கள் ஆபீஸில் யாராவது ஆங்கிலத்தில் திட்டினால் மெயிலில் பதில் சொல்லலாம். 'என்ன பொண்ணு நீ' என்று அம்மா குரலில் கேட்டுப் பாருங்கள். அதனால் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அகராதிக்குப் போகாமல் வீட்டுக்குப் போங்கள். 'வரவேற்பறை' என்று எழுதினால் ஒன்றும் கிளம்பாது. 'கூடம்' என்றால் தரையின் குளிர்ச்சி வருகிறது. 'ரேழி' சிலருக்கு வரும், சிலருக்கு அந்நியம். 'பத்தாயம்' என்றால் அதற்குள் இறங்கி நெல் அள்ளிய பிள்ளைக்கு மூக்கில் தவிட்டுத் தூசி ஏறும். 'கடைமடை', அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி, என்ற சொல்லைத் தலைமடைக்காரர்கள் நிதானமாகத்தான் சொல்வார்கள், எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு லாட்ஜ் சுவரில் கிராமத்து வீடு வரையச் சொன்னார்கள். திண்ணை, தூண், வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு தாத்தா. என்னோடு பல வருடமாகச் சாரம் கட்டும் தம்பி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "நல்லாருக்குண்ணே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா இந்த மாதிரித் திண்ணையில குந்துனதே இல்ல. கீழ நின்னுதான் கூலி வாங்கிட்டு வருவாரு. நான் பாத்துருக்கேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் அடுத்த கோடு ஓடவில்லை. இதே டெல்டாவில், கீழ்வெண்மணியில், கூலி கேட்டுப் போராடிய தலித் குடும்பங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பச்சை வயலும் களமும் வைக்கோல்போரும் எல்லோர் நெஞ்சிலும் ஒரே பாட்டைப் பாடும் என்று எப்படி எடுத்துக்கொள்வது? பறைச் சத்தம் கேட்டால் ஒருவருக்குக் கால் ஆடும், இன்னொருவருக்குப் பாடை ஞாபகம் வரும், மூன்றாமவருக்குத் தன் அப்பாவை அடிக்கச் சொல்லி அதட்டிய குரல் ஞாபகம் வரும். லாட்ஜ்காரர் கேட்டது தாத்தா, தாத்தாவைத்தான் வரைந்து முடித்தேன். ஆனால் அன்றிலிருந்து யாராவது 'நம்ம பாரம்பரியம்' என்று ஆரம்பித்தால், அந்த 'நம்ம'வில் யார் யார் என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

வயதையும் கேளுங்கள். மனிதர்களுக்குப் பொதுவாகப் பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற காலத்தைவிட அழுத்தமாக நிற்கின்றன. உங்கள் வாடிக்கையாளருக்கு இன்று ஐம்பது என்றால், அவருக்கு மாட்டுவண்டியும் அரிக்கேன் விளக்கும் தாத்தா சொன்ன கதை. அவருடைய ஞாபகம் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஊரில் ஒரே ஒரு டிவி இருந்த வீட்டு ஜன்னல், எஸ்டிடி பூத்தில் ஓடும் சிவப்பு எண்கள். ஆனால் நம் 'ரெட்ரோ' எல்லாம் இன்னும் 1940-லேயே நின்றுகொண்டிருக்கிறது.

ஆக, வேண்டுமென்றே வரவழைக்க முடியுமா என்றால், கண்ணீரை முடியாது. காலி இடத்தைச் செய்யலாம். அந்த இடத்தில் வைக்கும் டம்ளர் சரியான டம்ளரா என்று பார்க்கலாம். மற்றது வருகிறவர் கொண்டுவர வேண்டியது. அவர் என்ன கொண்டுவருவார் என்பது நம் கையில் இல்லை என்று எனக்குப் புரியவைத்தவன் என் அக்கா மகன்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருடமும் அந்தத் தேதியில் திறக்கவில்லை, 2020-ல்தான் மறுபடி திறந்தது. அந்த எட்டில் ஒரு வருடம், அவன் இரண்டாம் வகுப்பு. ஆடிப்பெருக்குக்குப் படித்துறைக்குக் கூட்டிப்போனோம். ஆறு வெறும் மணல். போர்வெல் தண்ணீரைக் குழாயில் இழுத்து, படியில் ஷவர் மாதிரி வைத்திருந்தார்கள். பெண்கள் அதற்கு முன்னால் வாழையிலையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் சப்பரம் இழுத்த ஆடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். மறுநாள் அவன் ஒரு படம் வரைந்தான். தாள் முழுக்க மஞ்சள் மணல், நடுவில் நீலக் குழாய், அதன் கீழ் நான்கைந்து பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், எல்லோருக்கும் சிரிப்பு. "ஆத்துல தண்ணி எங்கடா?" என்றேன். குழாயைக் காட்டினான்.

போன ஆடியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. அவன் காலேஜ் லீவில் வந்திருந்தான், கூடவே வந்தான். நான் நான்காவது படி வரை ஏறிவிட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. படித்துறைச் சுவரில் கிளாம்ப் அடித்த இரண்டு ஓட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தான். "இங்கதானே மாமா குழாய் இருந்துச்சு" என்றான். குரல் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.